எல்லாம் ஒரே சைசுதாங்ண்ணா

கிச்சிப்பாளையத்து நண்பன் மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டான், "உன் புல்லட்டுக்குப் போட்ட ரோட்டர் எப்படியிருக்கு, நானும் அதையே வாங்கிடவா?" போனில் சொன்னால் திட்டாகத்தான் வரும், அதனால் எழுதிவிடுகிறேன்.

ரோட்டர் என்பது இன்ஜினோடு சேர்ந்து சுற்றி, பேட்டரிக்குக் கரண்ட் தயாரிக்கும் காந்தச் சக்கரம். வண்டி அப்பாவுடையது, பழைய இரும்பு இன்ஜின் புல்லட் 350. ஐடிலில் இடது பக்கம் 'டொக் டொக்' என்றது. சார்ஜ் குறையவில்லை, ஸ்டார்ட்டிங்கிலும் குறையில்லை. முதலில் பார்த்தவர் "பிக் எண்ட் (கிராங்கோடு சேரும் பேரிங்) போச்சு, இன்ஜினை இறக்கணும்" என்று என் வயிற்றில் புளியைக் கரைத்தார். சேலம் குகைப் பகுதியில் ஒரு வயதான மிஸ்திரி காது கொடுத்துக் கேட்டார். ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் கழற்றி, கிளட்ச்சும் செயினும் ரோட்டரும் இருக்கும் செயின்கேஸின் நடு நட்டைத் திருகி, ஆயிலைத் தட்டில் பிடித்துக்கொண்டு மூடியை எடுத்தார். ரோட்டரைக் கையால் பிடித்து ஆட்டினார். அது மாட்டியிருக்கும் கிராங்க் தண்டு அசையவில்லை, ரோட்டரின் வெளி அலுமினியம் மட்டும் அரை மயிரிழை அசைந்தது. உள்ளேயிருக்கும் இரும்பு புஷ் லூஸ். அவ்வளவுதான்.

டவுனில் ஒரு கடையில் புதுசு கேட்டேன். "எந்த வருஷ வண்டின்னு பாக்க வேண்டாமா?" என்றதற்குக் கடைப்பையன் நிமிரக்கூட இல்லை. "எல்லாம் ஒரே சைசுதாங்ண்ணா."

மாட்டினோம். ரோட்டரைத் தண்டோடு பூட்டும் சாவி சரியாக உட்கார்ந்தது, நட்டும் ஏறியது. ரோட்டரைச் சுற்றி அசையாமல் நிற்கும் காயில் வளையமான ஸ்டேட்டருக்கும் ரோட்டருக்கும் நடுவே சுற்றிலும் 0.2 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைய வேண்டும். மேலே நுழைந்தது, கீழே கத்தி முனைகூட நுழையாது. கிக்கரை மெல்ல மிதித்தால் 'கொர்' என்று உரசியது. வெர்னியர் அளவுகோலில் அளந்தால், பழையதைவிட விட்டம் 0.3 மில்லி பெரிசு. ஒரு பக்கத்துக்கு 0.15 போனால் மிச்சம் 0.05. கடைக்குத் திரும்பப் போனால், "கரண்ட் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது." விலையை இங்கே எழுதவில்லை, வீட்டில் படிப்பார்கள்.

செவ்வாய்பேட்டை லேத்துக்காரர் முதலில் மறுத்தார். காந்தத்தைக் கடைந்தால் இரும்புத் தூள் ஒன்றுகூடக் கீழே விழாது, எல்லாம் அதிலேயே ஒட்டும் என்றார். கெஞ்சியதில் மெல்லிசாக இரண்டு கட் ஓட்டினார். சொன்ன மாதிரியே ரோட்டர் கரடிக்குட்டி மாதிரி ரோமத்தோடு வந்தது. கிளட்ச்சும் செயினும் அதே ஆயிலில்தான் ஓடுகின்றன, ஒரு துகள்கூட உள்ளே போகக் கூடாது. துணியால் துடைத்தால் தூள் இடம்தான் மாறுகிறது. கடைசியில் சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டை எடுத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன், ஒவ்வொரு ஒற்றலிலும் மாவு கறுத்தது. அப்புறம் மண்ணெண்ணெயில் கழுவினேன். அன்றிரவு வீட்டில் தோசை.

பதினான்கு மாதம் ஆகிறது. சத்தம் போனது போனதுதான். நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், காந்தம் பழையதைவிடக் கெட்டி. மாட்டுவதற்கு முன் ஸ்பேனரைப் பக்கத்தில் கொண்டுபோனால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. ஐந்து ரோடு சிக்னலில் ஹெட்லைட்டும் பிரேக் லைட்டும் எரிய நின்றால் அம்மீட்டர் முள் மைனஸுக்குச் சாயத்தான் செய்யும் (பேட்டரி கரைகிறது என்று அர்த்தம்), அது இந்த வண்டிக்கே பிறவிக் குணம். ஆனால் போன மார்கழியில் ஏற்காடு ஏறும்போது, இருபது கொண்டை ஊசிகளில் பதினாலாவதோ பதினைந்தாவதோ, எதிரே பஸ் வருவது தெரியாத பனி. ஹெட்லைட் போட்டு, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, இரண்டாவது கியரிலேயே போனேன். முள் பிளஸ் பக்கம் சாய்ந்தபடியே நின்றது. அப்பா ஓட்டிய காலத்தில்கூட நான் அதைப் பார்த்ததில்லை. வண்டியை ஓரம் கட்டி இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன்: வாங்காதே. என்னுடையது நன்றாக ஓடுவதற்குக் காரணம் லேத்துக்காரரும் சப்பாத்தி மாவும், அந்தக் கடை இல்லை. உடைத்த வண்டியிலிருந்து பழைய ரோட்டர் கிடைத்தால், புஷ்ஷை ஆட்டிப் பார்த்து அதை வாங்கு. கிடைக்காமல் புதுசுக்கே போனாலும் கவுண்டரிலேயே அளந்து பார். வெர்னியர் என்னிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்.