அரிவாள்மணைக்கு அனுமதி இல்லை: தில்லி மெட்ரோ சோதனை வாசலுக்கு ஒரு மதிப்புரை

பதினோரு வருடமாக வாரத்துக்கு ஐந்து நாள், போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, கையை விரித்துக்கொண்டு நிற்கிறேன். பால் பூத்தைத் தவிர்த்தால் தில்லியில் நான் இவ்வளவு தடவை பயன்படுத்திய சேவை வேறு எதுவும் இல்லை. ஓட்டலுக்கும் செல்போனுக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், இதற்கு யாரும் எழுதக் காணோம். சரி, நானே எழுதிவிடுகிறேன். முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. குறைந்த ஒன்றரையில் ஒரு மார்க் நம்மைப் போன்ற பயணிகளுக்காகக் குறைத்தது.

ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். டிக்கெட் கேட்டுக்கு முன்னாலேயே சோதனை வந்துவிடும். பையை எக்ஸ்ரே பெட்டியின் பெல்ட்டில் வைத்துவிட்டு, மெட்டல் டிடெக்டர் சட்டத்துக்குள் புகுந்து போனால், எதிரே ஒரு ஜவான் கையில் கருவியோடு நிற்பார். கையை விரித்தால் முன்னால் ஒரு தடவு, பின்னால் ஒரு தடவு, அவ்வளவுதான். கருவி கீச்சென்றால் அந்த இடத்தைத் தட்டிப் பார்ப்பார். பெரும்பாலும் செல்போன், சாவி, இல்லாவிட்டால் பெல்ட் பக்கிள். ஆளுக்கு ஐந்தாறு வினாடிக்கு மேல் ஆகாது. பெண்களுக்குத் தனி வரிசை, திரை மறைப்புக்குள் பெண் காவலர். இடையில் லைன் மாறினால் மறுபடி சோதனை கிடையாது, வெளியே போய்விட்டு உள்ளே வந்தால்தான் உண்டு. 2002 டிசம்பரில் ஷாஹ்தராவிலிருந்து தீஸ் ஹஜாரி வரைக்கும் மெட்ரோ ஓட ஆரம்பித்தபோது பாதுகாப்பு தில்லி போலீஸ் கையில் இருந்தது. 2007இலிருந்து சிஐஎஸ்எஃப், அதாவது மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை. ஏர்போர்ட்டில் நிற்கிறார்களே, அதே படைதான். ஆனால் ஏர்போர்ட்டில் ஒரு நாளைக்கு வருகிற கூட்டம் இங்கே ராஜீவ் சௌக் மாதிரி ஒரு இடத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கே வந்துவிட்டதோ என்று தோன்றும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது எக்ஸ்ரே திரை. வரிசை நகராத நாளில் எட்டி எட்டிப் பார்ப்பேன் (ரொம்ப எட்டிப் பார்க்காதீர்கள், முறைப்பார்கள்). சோறு, துணி, காகிதம், தோல் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். உலோகம் நீலம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவை பச்சை. கதிர் ஊடுருவ முடியாத அளவுக்குக் கனமாக இருந்தால் கறுப்பு. வெடிமருந்தும் வேதியியல்படி சோறு, துணி வகையறாவிலேயே சேர்ந்துவிடுவதால் அதுவும் ஆரஞ்சுதான். அதனால்தான் இரண்டு கிலோ இட்லிப் பொடியை ஒரே கவரில் கட்டிக்கொண்டு போனால் பெல்ட் ஒரு நொடி நின்று யோசிக்கும். எவர்சில்வர் டிபன் கேரியர் நேர்மாறு. நாலு அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கருநீலமாகத் தெரியும், உள்ளே இருப்பது சாம்பாரா சங்கதியா என்று கண்டுபிடிக்க முடியாது, திறக்கச் சொல்லத்தான் செய்வார்கள். திறந்து காட்டுங்கள், கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது. என் கேரியரைத் திறந்த ஒரு ஜவான் வத்தக்குழம்பு வாசனையை இழுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் மூடிக் கொடுத்தார். அந்த முகத்தில் இருந்தது சந்தேகம் இல்லை, பசி.

எங்கள் வீட்டில் பெரியவர்கள் யார் வந்தாலும் கேட்கிற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: எக்ஸ்ரே பட்ட சோறு கெட்டுப்போகாது. கதிர் உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியே போய்விடும், சோற்றில் எதுவும் தங்குவதில்லை. நாம் நுழைகிற சட்டமும் கையில் இருக்கும் கருவியும் எக்ஸ்ரேயே கிடையாது, காந்தப்புலம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் அட்டையைக் காட்டி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கருவியை நெஞ்சுக்கு மேல் பிடிக்காமல் கையாலேயே சோதித்து அனுப்பச் சொல்லுங்கள்.

இனி அந்த ஒரு மார்க் கதை. பெல்ட்டின் இந்த முனையில் எல்லாரும் ஒழுங்கு. மறுமுனைக்குப் போய்ப் பாருங்கள். நூறு கறுப்பு முதுகுப்பை ஒன்றன்மேல் ஒன்று வந்து விழும், நூறு கை நீளும், யார் கை எந்தப் பையில் என்று யாருக்கும் தெரியாது. பைக்குச் சொந்தக்காரன் இன்னும் மெட்டல் டிடெக்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பான், பை மட்டும் முந்திக்கொண்டு வந்து சேர்ந்திருக்கும். பெண்களுக்கு இது இன்னும் மோசம். திரைக்குள் போய் வருவதற்குள் கைப்பை பெல்ட் முனையில் அநாதையாகக் கிடக்கும். நானும் மனைவியும் சேர்ந்து போனால் இரண்டு பையையும் நானே வாங்கி, அவள் திரைக்குள் நுழைகிற வரைக்கும் பெல்ட்டில் வைக்காமல் நிற்பேன். பின்னால் நிற்பவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும்.

இப்படி வியாக்கியானம் பண்ணுகிற நானே ஒரு நாள் பையை மாற்றி எடுத்துவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது, செல்போனைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டியிருக்கிறேன். வண்டி யமுனா பேங்க் தாண்டுகிறது, முதுகில் கனம் குறைவாக இருக்கிறதே என்று தடவிப் பார்த்தால் கேரியரின் மேடு இல்லை. திறந்தால் உள்ளே ஒரு ஹிந்தி பேப்பர், குளிர்கண்ணாடி, வெள்ளித்தாளில் சுற்றிய நாலு பராட்டா. வயிற்றைக் கலக்கிவிட்டது. பராட்டாவுக்காக இல்லை, என் பையில் ஆபீஸ் லேப்டாப் இருந்தது. மண்டி ஹவுஸில் போன் அடித்தது. அந்த மனிதர் என் பையைத் திறந்து பார்த்திருக்கிறார், கேரியர் மூடியில் பெயர் வெட்டியிருக்கிறது, ஆனால் அது என் மாமியாருடைய பெயர், அதுவும் தமிழில், தஞ்சாவூர் என்று ஊரோடு. அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? நல்லவேளை, லேப்டாப் உறைக்குள் என் விசிட்டிங் கார்டு இருந்தது. ராஜீவ் சௌக் பிளாட்பாரத்தில் பையை மாற்றிக்கொண்டோம். கேரியரில் என்ன என்று கேட்டார், கத்திரிக்காய் சாதம் என்றேன், பாதியைக் கொடுத்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. அன்று சாயங்காலமே ஒரு பழைய கல்யாண மஞ்சப்பையின் காதைக் கிழித்துப் பையின் கைப்பிடியில் கட்டினேன். நூறு கறுப்பில் ஒரு மஞ்சள், தூரத்திலிருந்தே தெரியும். காசு செலவு இல்லாத யோசனை, நீங்களும் செய்யுங்கள். தோள்பட்டை வாரை உள்பக்கமாகச் சுருட்டி வையுங்கள், இல்லையென்றால் பெல்ட் உருளையில் மாட்டும். கேரியர் பையைப் படுக்க வைக்காதீர்கள், ரசம் எக்ஸ்ரேக்குப் பயப்படாது, சாய்மானத்துக்குத்தான் பயப்படும்.

போன வருடம் பெரியப்பாவும் பெரியம்மாவும் திருநெல்வேலியிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸில் நிஜாமுதீனுக்கு வந்து இறங்கினார்கள். ஸ்டேஷனை ஒட்டியே பிங்க் லைன் இருக்கிறது, சராய் காலே கானில் ஏறினால் அடுத்த நிறுத்தமே நாங்கள் இருக்கும் மயூர் விஹார். ஆட்டோக்காரரோடு பேரம் பேசுவானேன், ஒரே ஒரு நிறுத்தம், மெட்ரோவிலேயே போய்விடலாம் என்று நான்தான் சாமர்த்தியம் காட்டினேன். ஐந்து பை. எடை பற்றிக் கவலைப்படவில்லை, ஒருவருக்கு 25 கிலோ வரைக்கும் விடுவார்கள். நாலாவது பை உள்ளே போனதும் பெல்ட் நின்றது. திரையில் சுற்றிலும் ஆரஞ்சு, நடுவில் கொக்கு கழுத்தை வளைத்த மாதிரி ஒரு பளிச்சென்ற நீலம், அதன் நுனியில் சின்னதாக ஒரு பல் வரிசை. தேங்காய்த் துருவியோடு கூடிய அரிவாள்மணை. தினத்தந்தியில் சுற்றி, அதற்கு மேல் சாக்கு, அதற்கு மேல் பெரியம்மாவின் பழைய சேலை.

திரைக்கு முன்னால் இருந்தவர் பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். என்ன இது என்று ஹிந்தியில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா முன்னால் வந்து, பாஷை தெரியாத ஊரில் சைகைதான் உதவும் என்று நினைத்தாளோ என்னவோ, கையைக் கழுத்து உயரத்துக்குத் தூக்கி சரக் சரக்கென்று இழுத்துக் காட்டினாள். அதைவிட மோசமாக ஒரு அரிவாள்மணையை யாராலும் விளக்க முடியாது.

“எய்யா, காய் நறுக்குறதுன்னு அந்தப் பிள்ளகிட்டச் சொல்லு” என்றாள் என்னிடம்.

சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விடவில்லை, கூர்மையான ஆயுத வகையறா, உள்ளே போகக் கூடாது என்று நிதானமாகச் சொன்னார். அவர் செய்தது சரிதான். அருவாமனையோ அரிவாளோ, நீலக் கொக்கு நீலக் கொக்குதான். குரலை உயர்த்தவில்லை, பிடுங்கி வைத்துக்கொள்ளவில்லை, பையை மறுபடி கட்ட ஒரு ஓரம் காட்டினார். அந்த மரியாதைக்கு அரை மார்க் கூடுதலாகவே போட்டிருக்கிறேன். பக்கத்திலிருந்த அறிவிப்புப் பலகையைப் பெரியப்பா என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். வீட்டுக்கு வந்தபிறகு, 2023 ஜூனிலிருந்து மூடி உடைக்காத மதுப் புட்டி ஆளுக்கு இரண்டு கொண்டுபோகலாம், உள்ளே குடிக்கத்தான் கூடாது என்ற விஷயத்தை நான் வேறு சொல்லித் தொலைத்தேன். “ரெண்டு பாட்டில் போவலாம், காய் நறுக்குறது போவக் கூடாது, நல்ல ஊருடே இது” என்று அந்த வாரம் முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அரிவாள்மணையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன்.

பெரியப்பாவுக்கே ஒரு தனிக் கதை உண்டு. மறுநாள் ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சட்டைப்பையில் ஒன்றும் இல்லை, பெல்ட் இல்லை, வேட்டிதான். கருவி இடுப்புக்கு வந்ததும் கீச். மறுபடியும் கீச். ஜவான் தட்டிப் பார்த்தார், சுற்றிலும் ஏதோ கம்பி மாதிரி தட்டுப்பட்டிருக்கும், முகம் மாறியது. பெரியப்பாவோ வேட்டியை இறுகப் பிடித்துக்கொண்டார். நான் ஹிந்தியில் அரைஞாண்கொடிக்கு வார்த்தை தேடித் திணறிக்கொண்டிருந்தபோது பக்கத்து வரிசையிலிருந்து, “வெள்ளி அர்ணாக்கொடியா ஐயா?” என்று ஒரு குரல். இன்னொரு ஜவான், நம்ம ஊர்ப் பையன். தன் கூட்டாளியிடம் ஹிந்தியில் இரண்டு வார்த்தை சொன்னார், விஷயம் முடிந்தது. இந்தப் படைக்கு அரக்கோணம் பக்கம் தக்கோலத்தில் ஒரு பயிற்சி மையம் உண்டு, 2025இல் அதற்கு ராஜாதித்த சோழன் பெயரை வைத்தார்கள். 949இல் அதே தக்கோலத்தில் யானைமேல் இருந்தபடி போரில் விழுந்தவன். அந்தப் பையனும் தக்கோலத்தில் பயிற்சி எடுத்தவரா என்று கேட்க நினைத்தேன், பின்னால் வரிசை விடவில்லை.

மும்பையில் இருக்கும் என் மச்சானிடம் இதெல்லாம் சொன்னால் சிரிப்பான். மாட்டுங்காவில் ஏறுகிறவன் அவன். லோக்கல் ரயிலில் தினமும் லட்சக்கணக்கில் ஏறி இறங்குகிறார்கள், ஸ்டேஷனுக்குப் பத்துப் பக்கமும் வழி, ஆளுக்கு ஐந்து வினாடி என்றால் விடிந்துவிடும். இத்தனைக்கும் அடி வாங்கிய ஊர் அதுதான்: 2006 ஜூலை 11 சாயங்காலம், பதினோரு நிமிடத்துக்குள் ஏழு குண்டு, எல்லாம் வெஸ்டர்ன் லைன் முதல் வகுப்புப் பெட்டிகளில். 2005இல் குண்டு வெடித்த பிறகும் லண்டன் சுரங்க ரயிலில் இப்படி எல்லாரையும் நிறுத்திச் சோதிக்கிற பழக்கம் வரவில்லை. பெய்ஜிங்கில் 2008 ஒலிம்பிக்கை ஒட்டி வந்தது, அப்படியே தங்கிவிட்டது. எது சரி என்று எனக்கு அடித்துச் சொல்ல வராது. வாசலில் சோதித்தால் வாசலுக்கு வெளியே கூட்டம் சேரும், அந்தக் கூட்டத்தை யார் சோதிப்பது என்று மச்சான் கேட்பான், நியாயமான கேள்விதான். ஆனால் பத்து மணி ராத்திரி என் பெண் டியூஷன் முடிந்து தனியாக வரும்போது உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் ஒருவர் கை பட்டு வந்தவர்கள் என்பது எனக்குத் தேவைப்படுகிறது. மீதி அரை மார்க்கை நான் குறைத்தது மச்சானின் கேள்விக்காக.

ஜனவரி 26க்கும் ஆகஸ்ட் 15க்கும் முந்தைய வாரங்களில் கூடுதலாகக் கால் மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அப்போது தடவல் இரண்டு மடங்கு, வரிசை படி இறங்கித் தெருவுக்கு வந்துவிடும். ஜனவரிக் குளிரில் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜாக்கெட், ஒவ்வொரு ஜிப்புக்கும் கருவி கத்தும். ஜாக்கெட்டை வரிசையிலேயே திறந்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் ஊருக்குக் கிளம்பியது அப்படி ஒரு ஜனவரி வாரத்தில்தான். அரிவாள்மணை எங்கள் சமையலறையில் நின்றுவிட்டதால் பை நாலு, பயமில்லாமல் மெட்ரோவிலேயே கூட்டிக்கொண்டு போனேன். வரிசை நகர நகரப் பெரியப்பா ஸ்வெட்டரை மேலே தூக்கி, வேட்டி மடிப்பைக் கொஞ்சம் தளர்த்தி, அரைஞாண்கொடியை இரண்டு விரலால் வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டார். ஜவானுக்குப் பத்தடி முன்னாலிருந்தே அதை ஐடி கார்டு மாதிரி காட்டிக்கொண்டு போனார்.