லாக்கர் கேட்டுப் போன ஆச்சிக்கு டெபாசிட் என்று சொல்லித் தந்த பாலிசி

வளவு வீட்டில், அதாவது பூர்வீகப் பெரிய வீட்டில், வந்த பங்கை விற்ற பணமோ, ஓய்வு பெற்றபோது வந்த பணமோ மொத்தமாக வங்கிக் கணக்கில் கிடக்கிறவர்கள் இதைப் படியுங்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வயதானவர்களை ஊரில் தனியாக விட்டுவிட்டு வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் இன்றைக்கே வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

ஆச்சிக்கு வயது 66. பெரிய வீட்டுப் பங்காக வந்த 12 லட்சம் ரூபாய் சேமிப்புக் கணக்கில் இருந்தது. நகைகளை வைக்க லாக்கர் கேட்டு வங்கிக்குப் போனார். "லாக்கருக்கு ஒரு டெபாசிட் போடணும் ஆச்சி. அஞ்சு வருசம்தான். எஃப்டியைவிட வட்டி கூட வரும்" என்றார்கள். பத்துப் பதினைந்து இடத்தில் கையெழுத்து. 3 லட்சம் போனது. லாக்கர் சாவியும் வந்தது. அடுத்த ஆண்டு அதே மாதத்தில் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டபோது இன்னொரு 3 லட்சம் கழிந்திருந்தது. பக்கத்தில் ‘ஏசிஎச்’ என்ற எழுத்துகள்; கணக்கில் இருந்து தானாகப் பணம் எடுக்கப்பட்டது என்று அர்த்தம். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவர் போட்டது டெபாசிட் இல்லை. ஐந்து ஆண்டு பிரீமியம் கட்டி, பத்தாம் ஆண்டு முடிவில் பணம் வாங்கும் ஆயுள் காப்பீட்டுப் பாலிசி.

அந்தக் காகிதக் கட்டைப் பிரித்தால் எல்லாம் அதிலேயே இருக்கிறது. காப்பீடு செய்யப்பட்ட உயிர் ஆச்சியுடையது இல்லை, மகனுடையது. 66 வயதுக்குப் பாலிசி போட்டால் செலவு கூடும் என்பதால் இப்படிச் செய்வார்கள். ஆண்டு வருமானம் என்ற இடத்தில் ஆச்சி சொல்லாத ஒரு பெரிய தொகை. மின்னஞ்சல் முகவரி அவர் வீட்டில் யாருடையதும் இல்லை. இந்த ஒன்றைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும். பாலிசி மின்னஞ்சலில் போய்விட்டால், வேண்டாம் என்று திருப்பித் தரும் கெடு அங்கிருந்தே ஓடத் தொடங்கிவிடும். நமக்கோ பாலிசி வந்ததே தெரியாது. கூடவே, கணக்கில் இருந்து ஆண்டுதோறும் பணம் எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் படிவத்திலும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

பிறகு காப்பீட்டு நிறுவனத்தில் இருந்து ஒரு போன் வரும். "சும்மா ஃபார்மாலிட்டி, எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிருங்க" என்று வங்கியில் முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். அந்த அழைப்பு பதிவாகிறது. நாளைக்குப் புகார் கொடுத்தால் நிறுவனம் முதலில் எடுத்து வைப்பது அதைத்தான். ஆகவே அந்த போனில் ‘பிரீமியம்’ என்ற சொல் காதில் விழுந்தால், "நான் கேட்டது டெபாசிட், இது எனக்கு வேண்டாம்" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

லாக்கருக்குப் பாலிசி எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாக லாக்கர் எடுப்பவரிடம் மூன்று ஆண்டு வாடகைக்கும், தேவைப்பட்டால் லாக்கரை உடைத்துத் திறக்கும் செலவுக்கும் ஈடான வைப்புத்தொகையை மட்டும் வங்கி கேட்கலாம். ஏற்கெனவே லாக்கர் வைத்துள்ளவரிடம் அதையும் வற்புறுத்தக் கூடாது. லாக்கர் காலியில்லை என்றால் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டு காத்திருப்பு எண் தர வேண்டும். எண் கேளுங்கள். கேட்டாலே பேச்சின் தொனி மாறும்.

இனி கணக்கு. "15 லட்சம் கட்டுறீங்க, 21 லட்சம் வாங்குறீங்க, 40 சதவீதம் லாபம்" என்பது அவர்கள் சொல்வது. 3 லட்சம் வீதம் ஐந்து ஆண்டு கட்டி, பத்தாம் ஆண்டு முடிவில் 21 லட்சம் வந்தால் ஆண்டு வட்டி ஏறக்குறைய 4.3 சதவீதம்தான் ஆகிறது. வட்டித் தொழில் செய்து, நடப்பு வட்டி, தவணை வட்டி என்று மனக்கணக்காகவே சொன்னவர்கள் வாழ்ந்த இந்தப் பக்கத்து வீடுகளில் இந்தத் தாள் நுழைந்திருப்பதுதான் மனதை அறுக்கிறது. ஆச்சியிடம் இருந்ததே 12 லட்சம். கட்ட வேண்டியதோ 15. ஐந்தாவது பிரீமியத்துக்குப் பணமே இல்லை.

அதே 12 லட்சத்தைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருக்கலாம். 60 வயது நிரம்பியவர் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2 சதவீதம் ஆனது. அந்த வட்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 24,600 ரூபாய் கைக்கு வரும். அரசு காலாண்டுதோறும் வட்டியை அறிவிக்கும் என்றாலும், நாம் சேரும் நாளில் உள்ள வட்டி ஐந்து ஆண்டுக்கும் மாறாது. வட்டிக்கு வரி உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தேதி. பாலிசி கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லை என்றால் காரணமே சொல்ல வேண்டியதில்லை. ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரைத்தாள் செலவு, மருத்துவப் பரிசோதனைச் செலவு, இடைப்பட்ட நாட்களுக்கான காப்பீட்டுக் கட்டணம் போக மீதி திரும்பி வரும். "மேனேஜர் லீவு, அடுத்த வாரம் வாங்க" என்று இழுத்தடித்தால் காத்திருக்காமல் பதிவுத் தபாலில் நிறுவனத்துக்கே அனுப்புங்கள்.

30 நாள் தாண்டிவிட்டால் வழி நீளம், ஆனால் அடைபடவில்லை. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். கடிதத்தில் "ஏமாற்றிவிட்டார்கள்" என்று மட்டும் எழுதினால் நிற்காது. என் வருமானம் இவ்வளவு, படிவத்தில் இருப்பது இவ்வளவு. இந்த மின்னஞ்சல் என்னுடையது இல்லை. லாக்கர் ஒப்பந்தமும் பாலிசி விண்ணப்பமும் ஒரே நாளில் கையெழுத்தானவை என்று காகிதத்தில் இருப்பதை வரிசையாக எழுதுங்கள். விண்ணப்பப் படிவ நகலையும் அழைப்புப் பதிவையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை அவர் தீர்ப்புச் சொல்லலாம். விசாரணையைக் காணொளியிலும் நடத்தலாம். காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஒழுங்காணையத்தின் (ஐஆர்டிஏஐ) உதவி எண் 155255. வங்கி நடந்துகொண்ட முறைக்குத் தனிப் புகார்: முதலில் கிளையில் எழுத்தில், 30 நாள் கழித்து ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம். எண் 14448.

புகார் நடக்கும்போதே அடுத்த பிரீமியம் கழிந்துவிடக் கூடாது. தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை ரத்து செய்யச் சொல்லி, பிரீமியத் தேதிக்குப் பல நாள் முன்னதாகவே வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். கட்டாமல் விட்டால் பாலிசிக்கு என்ன ஆகும், சரண்டர் செய்தால், அதாவது பாதியிலேயே முடித்துக்கொண்டால், எவ்வளவு வரும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபருக்குப் பிறகு வந்த பாலிசிகளில் ஓராண்டுப் பிரீமியம் கட்டி ஓராண்டு முடிந்திருந்தாலே ஒரு தொகை உண்டு. பழையவற்றில் பெரும்பாலும் இரண்டு பிரீமியமாவது கட்டியிருக்க வேண்டும்.

ஆச்சியின் கடிதம் போன வாரம்தான் தபாலில் போயிருக்கிறது. ரசீதை பாஸ்புக்கின் அந்த ‘ஏசிஎச்’ பக்கத்திலேயே பின் குத்தி வைத்திருக்கிறார்.