குற்ற ஆவணப்படங்களில் வரலாறு: பிள்ளைக்கு எதை முதலில் காட்டலாம்?

வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி விடும் பிள்ளைகூட, ‘யார் திருடினது?’ என்று கேட்டால் நிமிர்ந்து உட்காரும். அதைப் பயன்படுத்திக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் எல்லாக் குற்றப் படத்திலும் வரலாறு கிடைக்காது. மூன்று சம்பவங்களை வைத்துப் பார்க்கலாம்.

அதிகம் கிடைப்பது தொடர் கொலைப் படங்கள்தான். 1888இல் லண்டனின் வைட்சேப்பல் பகுதியை நடுங்கவைத்த ‘ஜாக் தி ரிப்பர்’ யாரென்று இன்றுவரை உறுதியாகவில்லை. அதனால் பெரும்பாலான படங்கள் ‘இவனா, அவனா’ என்றே ஓடும்; மிச்ச நேரம் காயங்களை வர்ணிப்பதில் போகும். உண்மையான வரலாறு ஓர் ஓரத்தில் கிடக்கும்: கொல்லப்பட்ட பெண்களில் ஒருவரான மேரி ஆன் நிக்கல்ஸ் கொலையான இரவில் தெருவில் அலைந்தது, விடுதிப் படுக்கைக்கான நாலு பென்னி கையில் இல்லாததால். அந்த நாலு பென்னியைப் பற்றிப் பேசும் படம் கிடைத்தால் சரி. இல்லையென்றால் பிள்ளை வளரட்டும்.

என் ஓட்டு திருட்டுக்கு. 1911 ஆகஸ்ட் 21, பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்திலிருந்து ‘மோனா லிசா’ காணாமல் போனது. மறுநாள்தான் கவனித்தார்கள்! வெறும் சுவரைப் பார்க்கக் கூட்டம் வரிசையில் நின்றது. ஓவியம் கிடைத்தது 1913 டிசம்பரில், இத்தாலியின் ஃபிளாரன்ஸில். திருடியவர் லூவ்ரில் முன்பு வேலை பார்த்த வின்சென்சோ பெருஜா. நெப்போலியன் கொள்ளையடித்துப் போனதைத் தாய்நாட்டுக்கு மீட்டேன் என்றார். ஆனால் ஓவியத்தை பிரான்ஸுக்குக் கொண்டுபோனதே அதை வரைந்த லியோனார்டோதான், நெப்போலியன் பிறப்பதற்கு ஏறக்குறைய 250 ஆண்டுகளுக்கு முன்னால். ரத்தமே இல்லாமல் தேசபக்தி, பத்திரிகைப் பரபரப்பு, ‘யாருடைய சொத்து?’ என்ற கேள்வி எல்லாம் வந்துவிடுகின்றன.

மூன்றாவது, நீதிமன்றமே தவறு செய்த வழக்கு. பிரெஞ்சு ராணுவத்தின் யூத அதிகாரி ஆல்ஃபிரெட் டிரேஃபஸ் 1894இல் தேசத்துரோகி என்று தண்டிக்கப்பட்டார். குற்றமற்றவர் என்று தீர்ப்பாக 1906 ஆனது. மூன்றில் கனமானது இதுதான், ஆனால் தனியாகப் பார்க்கவிடாதீர்கள். இன வெறுப்பை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து விளக்க வேண்டும். இன்னொன்று: 1899இலேயே ஜார்ஜ் மெலியே நடிகர்களை வைத்து இந்த வழக்கைப் படமாக்கியிருக்கிறார். மங்கலான பழைய பிலிம் என்பதால் பிள்ளை அதை நிஜக் காட்சி என்றே நம்பிவிடும். அங்கே நிறுத்தி, ‘இதை யார், எப்போது எடுத்தார்கள்?’ என்று கேளுங்கள்.

திருட்டை முதலில் காட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓவியம் போனபோது கைரேகையை ஆராய்ந்த பாரிஸ் போலீஸ் நிபுணர் அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன். அப்புறம் டிரேஃபஸ் படத்தைப் போட்டால் அதே ஆள் மறுபடி வருவார், 17 ஆண்டுகள் இளையவராக. துரோகத்துக்கு ஆதாரமாகக் காட்டிய கடிதத்தின் கையெழுத்து டிரேஃபஸுடையதுதான் என்று தப்பாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருப்பார்.