ஏபாட்: தினம் ஒரு வானியல் படம், கூடவே பத்து வரி விளக்கம்

நம்மூர் நேரப்படி காலை ஒன்பதரைக்குப் புதுப் படம் வந்துவிடும். குளிர்காலத்தில் பத்தரை ஆகும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் நள்ளிரவு தாண்டும் நேரம் அது. அவர்கள் கடிகாரத்தை முன்னும் பின்னும் மாற்றி வைப்பதால் நமக்கு இந்த ஒரு மணி நேர வித்தியாசம். காலை டீயோடு அதைத் திறந்து பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். நாசாவின் 'இன்றைய வானியல் படம்' என்ற இணையப் பக்கம் பற்றித்தான் சொல்கிறேன். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஏபாட் என்பார்கள். இத்தனை காலம் பார்த்ததில் எனக்குப் பட்டதை எழுதிவைத்தால் புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு உதவும் என்று தோன்றியது.

ராபர்ட் நெமிராஃப், ஜெர்ரி பானெல் என்ற இரண்டு வானியலாளர்கள் 1995 ஜூன் 16 அன்று ஆரம்பித்தது இது. முதல் நாள் போட்டது புகைப்படமே அல்ல, கணினியில் வரைந்த ஒரு கற்பனை: நம் பூமி நியூட்ரான் விண்மீன் (பெரிய விண்மீன் வெடித்த பிறகு மிஞ்சும், மிக இறுகிய உள்பகுதி) அளவுக்கு அடர்த்தியாகிவிட்டால் எப்படித் தெரியும்? ஈர்ப்பு அவ்வளவு கடுமையாக இருப்பதால் பின்னால் இருக்கும் விண்மீன்களின் ஒளியே வளைந்து, வேட்டைக்காரன் உருவமாகச் சொல்லப்படும் ஓரியன் விண்மீன் கூட்டம் இரண்டு இடத்தில் தெரியும் என்று கீழே விளக்கியிருந்தார்கள். அன்றைக்குப் போட்ட அதே அமைப்புதான் கிட்டத்தட்ட இன்றைக்கும். மேலே தேதி, நடுவில் படம், அதன் தலைப்பு, எடுத்தவர் பெயர், ஒரு பத்தி விளக்கம், அடியில் நாளைய படத்துக்கு ஒரு சின்னக் குறிப்பு. விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்வது கிடையாது. பார்த்து முடித்தால் முடிந்தது, நம் வேலையைப் பார்க்கப் போகலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தப் பக்கத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை.

ஆனால் என்னை இத்தனை வருடம் பிடித்துவைத்தது படங்கள் என்று சொல்லமாட்டேன். அழகான விண்வெளிப் படத்துக்கு இன்று எங்கேயும் பஞ்சமில்லை. கீழே இருக்கும் அந்தப் பத்து வரிதான் விஷயம்.

ஏன் என்றால், விளக்கம் இல்லாமல் படம் மட்டும் ஊர் சுற்றினால் என்ன ஆகும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒவ்வொரு தீபாவளிக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் வரும்: இருட்டில் இந்தியா, அதன் மேல் நீலம், பச்சை, சிவப்பு, வெள்ளை என்று புள்ளிகள். 'தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து நாசா எடுத்த படம்' என்று எழுதியிருக்கும். உண்மையில் அது ஒரே இரவில் எடுத்ததல்ல. கிறிஸ் எல்விட்ஜ் என்ற அமெரிக்க விஞ்ஞானி பல வருடச் செயற்கைக்கோள் தரவுகளை அடுக்கிச் செய்தது. 1992-க்கு முன்பே இருந்த விளக்குகளுக்கு வெள்ளை, 1992-ல் தெரிய ஆரம்பித்தவைக்கு நீலம், 1998-க்குப் பச்சை, 2003-க்குச் சிவப்பு. நம் ஊர்கள் எப்படிப் பெருகின என்பதைக் காட்டும் வரைபடம் அது. தீபாவளிக் கதையைவிட எவ்வளவோ சுவாரசியமான சங்கதி! இரண்டு வரி கூட வராததால் அது முழுவதும் தொலைந்துபோய், ஒரு பொய் மட்டும் வருடா வருடம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஏபாட் இந்த விஷயத்தில் கறாராக இருக்கும். கழுகு நெபுலாவில் உள்ள 'படைப்பின் தூண்கள்' படத்தை எடுத்துக்கொள்வோம். 1995-ல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்தது. காலண்டரிலிருந்து டீ-ஷர்ட் வரை போய்விட்டது. ஏறத்தாழ 6,500 ஒளியாண்டு (ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம் ஒரு ஒளியாண்டு) தூரத்தில் இருக்கும் வாயுவும் தூசும்தான் அந்தத் தூண்கள். அதில் தெரியும் நிறத்தை நம் கண்ணால் அப்படியே பார்க்க முடியாது. கந்தகம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஒவ்வொன்றும் உமிழும் ஒளியைத் தனித்தனி வடிகட்டியில் பிடித்து, கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் ஏமாற்று வேலையா என்று கேட்கத் தோன்றும். அந்தக் கந்தக ஒளியும் ஹைட்ரஜன் ஒளியும் இயல்பில் இரண்டுமே சிவப்பு. அப்படியே விட்டால் எது எங்கே இருக்கிறது என்று பிரித்தறிய வழியில்லை. எந்த வாயு எங்கே என்பதைக் காட்டத்தான் நிறத்தை மாற்றிக் கொடுக்கிறார்கள். இதைப் புரிந்துகொண்ட பிறகு அந்தப் படத்தின் விளிம்பிலிருந்து ஒவ்வொரு மூலையாகப் படிக்கலாம். 2022-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதே தூண்களை நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் எடுத்தபோது, தூசு பாதி கண்ணாடி மாதிரி ஆகி, பின்னால் இருந்த விண்மீன்கள் கொத்துக் கொத்தாக வெளிவந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது.

படத்துக்கு அடியில் யார் எடுத்தது என்று சொல்லும் வரியையும் விடாமல் பார்க்க வேண்டும். புகைப்படம் என்றால் ஒரு மாதிரி எழுதியிருக்கும், ஓவியர் வரைந்தது என்றால் அதைத் தனியாகச் சொல்லிவிடுவார்கள். 2017 பிப்ரவரியில் டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனைச் சுற்றிப் பூமி அளவில் ஏழு கோள்கள் இருப்பதாக அறிவித்தபோது, ஏழும் வரிசையாக நிற்கும் ஓவியம் உலகம் முழுக்கப் பரவியது. கடலும் பனியும் மேகமுமாக அவ்வளவு தத்ரூபம். உண்மையில் நாற்பது ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் அந்தக் கோள்களின் முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை. கோள் குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளி துளி குறைகிறது. எவ்வளவு குறைகிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை குறைகிறது என்பதை அளந்துதான் கோளின் அளவையும் பாதையையும் கணக்கிட்டார்கள். மற்றது ஓவியரின் கை. அந்தக் கையை நான் குறைத்துச் சொல்லவில்லை, அளவுகளுக்குள் நின்று கற்பனை செய்வது பெரிய வித்தை. எது அளந்தது, எது வரைந்தது என்று பிரித்துச் சொல்லிவிட்டால் ஓவியத்தையும் நிம்மதியாக ரசிக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது 2019 கடைசியிலிருந்து 2020 தொடக்கம் வரையிலான காலம். திருவாதிரை விண்மீன் மங்க ஆரம்பித்தது. பீட்டல்ஜூஸ் என்று ஆங்கிலத்தில் சொல்வார்களே, ஓரியனின் தோளில் சிவப்பாக இருக்குமே, அதுதான். மார்கழியில் மொட்டைமாடிக்குப் போனால் முதலில் கண்ணில் படுவதே அது. வழக்கமாக ரோகிணியைவிடப் பளிச்சென்று இருக்கும். அந்தப் பருவத்தில் ரோகிணி முந்திக்கொண்டது. பிப்ரவரி வாக்கில் ஓரியனின் இன்னொரு தோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸும் திருவாதிரையும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிந்தன. தொலைநோக்கி எதுவும் வேண்டாம், வெறும் கண்ணே போதும். கீழே வந்து ஏபாட்டைத் திறந்தால் அங்கேயும் அதே பேச்சு. சிலியில் இருக்கும் ஐரோப்பியர்களின் மிகப் பெரிய தொலைநோக்கி எடுத்த இரண்டு படங்கள் ஜோடியாக வந்தன. 2019 ஜனவரியில் உருண்டையாக இருந்தது, டிசம்பரில் கீழ்ப்பாதி இருண்டு கிடந்தது. வெடிக்கப் போகிறது என்று செய்திகளில் ஒரே பரபரப்பு. ஏபாட் விளக்கம் அந்தப் பக்கமே சாயாமல், வெடிக்கும், ஆனால் அதற்கு இன்னும் நெடுங்காலம் ஆகலாம் என்று நிதானமாகச் சொன்னது. விண்மீனே கக்கிய வாயு குளிர்ந்து தூசாகி நம் பார்வையை மறைத்ததுதான் முக்கியக் காரணம் என்று பின்னால் தெரிய வந்தது.

இன்னொன்று, அங்கே வரும் படங்களில் நிறைய நம்மைப் போன்ற ஆர்வலர்கள் எடுப்பவை. 2023 ஜனவரியில் ஆண்ட்ரோமெடா என்ற விண்மீன் திரளின் படம் ஒன்று வந்தது. 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் அந்தத் திரளை நூறு வருடத்துக்கும் மேலாக எத்தனையோ பேர் படமெடுத்திருக்கிறார்கள். அதன் பக்கத்திலேயே ஆக்சிஜன் ஒளி வீசும் பெரிய நீல வில் ஒன்று இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. டிரெக்ஸ்லர், ஸ்ட்ராட்னர், செயின்டி என்ற மூன்று ஆர்வலர்கள், ஆக்சிஜனுக்கான வடிகட்டியைப் போட்டுப் பல இரவுகள் பொறுமையாக ஒளி சேர்த்ததில் அது வெளியே வந்தது. ஏபாட் விளக்கத்தில், ஏன் அங்கே அது இருக்கிறது என்று கேட்டுவிட்டு, யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்றே பதிலும் எழுதியிருந்தார்கள். ஆண்ட்ரோமெடாவுக்கு அருகிலேயே இருக்கலாம், இல்லை நம் பால்வீதிக்குள் தற்செயலாக அதே திசையில் இருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று எழுதும் இந்தப் பழக்கத்துக்காகவே பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டவேண்டும் என்பேன்.

சரி, பயன்படுத்துவது பற்றி. பழைய அமைப்பு என்பதால் போனில் எழுத்து சின்னதாகத்தான் தெரியும், விரலால் பெரிதாக்கிப் படிக்க வேண்டும். படத்தைத் தொட்டால் பெரிய அளவில் திறக்கும். டேட்டா குறைவாக இருந்தால் கொஞ்சம் யோசித்துத் தொடுங்கள். விளக்கத்தில் பாதிச் சொற்கள் நீல நிறத்தில் இருக்கும், ஒவ்வொன்றும் வேறு எங்கேயோ கொண்டுபோகும். முதல் தடவை எதையும் தொடாமல் நேராகப் படித்துவிட்டு, அப்புறம் பிடித்ததை மட்டும் தொடர்வது என் வழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய படம் திரும்ப வருவதுண்டு. ஏப்ரல் 1 அன்று வருவதை நம்பிவிடாதீர்கள்: 2005-ல் 'செவ்வாயில் தண்ணீர்' என்று போட்டுவிட்டு, மார்ஸ் சாக்லேட் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக் காட்டினார்கள். மலைக்கு மேலே பால்வீதி வளைந்து நிற்கும் வகைப் படங்கள் என் ருசிக்குக் கொஞ்சம் அதிகம். அழகுதான், ஆனால் அவற்றில் புதிதாகத் தெரிந்துகொள்ள அவ்வளவு இருப்பதில்லை.

காப்பகம் ஒரு சுரங்கம். பழைய படம் ஒன்றைத் திறந்தால் அதன் முகவரியின் கடைசியில் வருடத்தின் பின் இரண்டு இலக்கம், மாதம், தேதி என்று ஆறு எண்கள் இருக்கும். அதை மாற்றினால் அந்த நாளுக்கே போய்விடலாம். 1995 ஜூனுக்குப் பிறகு பிறந்த யாருக்கும், தொடக்கத்தில் விடுபட்ட சில நாட்களைத் தவிர்த்தால், பிறந்தநாள் படம் ஒன்று அங்கே இருக்கும். அக்கா மகளுக்கு அப்படித்தான் இதில் ஆசை வந்தது. அவளுக்குக் காட்டும்போது முதலில் விளக்கத்தைக் கையால் மறைத்துவிடுவேன். இது என்ன, எவ்வளவு பெரியது, எதால் எடுத்திருப்பார்கள் என்று அவள் சொன்ன பிறகுதான் படிப்போம்.

பகிர்வதாக இருந்தால் ஒரு விஷயம் கவனியுங்கள். நாசா எடுத்த படங்களைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்; தனிநபர்கள் எடுத்தவற்றுக்கு உரிமை அவர்களுடையது, பெயருக்குப் பக்கத்திலேயே குறிப்பிட்டிருப்பார்கள். அதனால் நான் படத்தை இறக்கி அனுப்புவதில்லை, சுட்டியைத்தான் அனுப்புகிறேன். எடுத்தவர் பெயரும் அந்தப் பத்து வரியும் படத்தோடு சேர்ந்தே போய்ச் சேரும்.