டோரியன் கிரே: மலிவுப் பதிப்பை வாங்கலாமா?

ஆஸ்கார் வைல்டின் ‘தி பிக்சர் ஆஃப் டோரியன் கிரே’ நாவலைச் சேலம் புத்தகத் திருவிழாவில் மலிவுப் பதிப்பாக வாங்கினேன். டோரியன் என்ற அழகான இளைஞன் இளமை மாறாமல் இருக்க, அவனுடைய முதுமையும் பாவமும் அவனை வரைந்த ஓவியத்தில் ஏறும் கதை. பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். பொடி எழுத்து, மெலிசான தாள், பின்பக்கத்து மை முன்னால் தெரிகிறது. பிரெஞ்சு வரிகளுக்கு ஒரு குறிப்புகூடக் கிடையாது. ஆனாலும் முன்னுரையோடு 20 அத்தியாயமும் இருக்கிறது. 1890இல் பத்திரிகையில் வந்தபோது 13தான். கண்டனம் குவிந்தது, 1891இல் வைல்ட் விரித்து எழுதிப் புத்தகமாக்கினார். டோரியன் கைவிட்ட சிபிலின் தம்பி ஜேம்ஸ் பழிவாங்க அலையும் பகுதி அப்போது சேர்த்ததுதான். அதனால் வாங்குமுன் கடைசி அத்தியாயத்தின் எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

அஸ்தம்பட்டியில் கல்யாண ஆல்பங்களுக்கு டச்சப் செய்வது என் வேலை. “கொஞ்சம் கலராக் காட்டுங்க, கண்ணுக்குக் கீழே கருப்பை எடுத்துடுங்க” என்று சொல்லாத வீடு இல்லை. அதனாலோ என்னவோ, ஓவியம் முதன்முதலில் மாறும் இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நடிகை சிபிலை வாய்க்கு வந்தபடி பேசி உதறிவிட்டு டோரியன் வீடு திரும்புகிறான். படத்தில் நரை விழவில்லை, சுருக்கம் விழவில்லை. வாயோரத்தில் மட்டும் கொஞ்சம் கொடூரம் ஏறியிருக்கிறது. எவ்வளவு சரியான இடம்! நெற்றி, கன்னம் எல்லாம் வழவழப்பாக்கிவிடலாம். வாயோரத்தில் கை வைத்தால் ஆளே மாறிப்போவார்.

கடைசி அத்தியாயம் இன்னும் உலுக்கியது. ஹெட்டி என்ற கிராமத்துப் பெண்ணைக் கெடுக்காமல் விட்டோமே, படம் தெளிந்திருக்கும் என்ற ஆசையில் போய்ப் பார்க்கிறான். கண்ணில் கள்ளத்தனம், வாயில் வேஷக்காரனின் சுழிப்பு, கையிலிருந்த ரத்தக்கறையும் பெரிதாகியிருக்கிறது. அந்த ஒரு நல்ல காரியத்தையும் தன்னை மெச்சிக்கொள்ளத்தான் செய்தான் என்று படம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. எனக்கு அன்று ராத்திரி சரியாகத் தூக்கமே வரவில்லை.

11ஆம் அத்தியாயம் இழுவைதான். வாசனைத் திரவியம், ரத்தினம், பூத்தையல் என்று பக்கம் பக்கமாகப் போகும். தாண்டிவிடாதீர்கள், அவனுடைய பல வருஷங்கள் அதற்குள்தான் கழிகின்றன. டோரியனின் மனசைக் கலைக்கும் நண்பர் லார்டு ஹென்றியின் பேச்சை எல்லாரும் ரசிப்பார்கள். எனக்கு அந்த ஆள் மேல் கோபம்தான் வந்தது. ஊரான் பிள்ளைக்கு ஓதிவிட்டுத் தான் பத்திரமாக உட்கார்ந்துகொள்கிறவர். படம் வரைந்த பாசிலை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

கதைக்காகக் கட்டாயம் வாங்குங்கள். கண் சிரமப்படுகிறவர்கள் மட்டும் கூடக் கொஞ்சம் காசு போட்டுக் குறிப்புகளோடு, பெரிய எழுத்தில் இருக்கும் பதிப்பாகப் பாருங்கள். பிளஸ் டூ படிக்கும் என் அக்கா மகளுக்கு அப்படி ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.