மூக்கில் ஒழுகும் மூளைநீர்: மண்டையைத் திறப்பதா, மூக்கு வழியே அடைப்பதா?

ஒரு பக்க மூக்கில் மட்டும் தண்ணீர் போலத் தெளிவாக ஒழுகுகிறது, குனிந்தால் கூடுகிறது, தொண்டையில் இறங்கினால் உப்புக் கரிக்கிறது. ஒவ்வாமை மாத்திரைக்கு அடங்காத இந்த ஒழுக்கு, மூளையைச் சூழ்ந்திருக்கும் மூளைத் தண்டுவடத் திரவமாக இருக்கலாம். ஒழுகும் நீரில் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் இருக்கிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீரும். சாதாரணச் சளியில் அது இருப்பதில்லை.

கசிவு உறுதியான பிறகு, காத்திருப்பது, முதுகில் வடிகுழாய் வைப்பது, மண்டையோட்டைத் திறப்பது, மூக்கு வழியே எண்டோஸ்கோப் என்னும் மெல்லிய உள்நோக்குக் குழாயால் அடைப்பது என நான்கு வழிகள் பேசப்படும். எது சிறந்தது என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. கசிவு ஏன் வந்தது, ஓட்டை எங்கே இருக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் பாதி முடிவு தானே வந்துவிடும்.

தலையில் அடிபட்டதால் வந்த கசிவுக்குக் காத்திருப்பது நியாயமான வழி. தலையை 30 பாகை உயர்த்திப் படுத்து, மூக்கைச் சிந்தாமல், மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொண்டால், இவற்றில் பெரும்பாலானவை ஒரு வாரம் பத்து நாட்களில் நின்றுவிடும். நிற்காவிட்டால் மேலும் தள்ளிப்போடுவது தவறு. திரவம் வெளியே வரும் அதே வழியில் கிருமி உள்ளே போய் மூளை உறையில் அழற்சி உண்டாக்கலாம். அடிபடாமல் தானாக வந்த கசிவில் காத்திருந்து பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை.

முதுகு வடிகுழாயைத் தனிச் சிகிச்சை என்பதைவிடத் துணை என்றே சொல்வேன். உடல் நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி திரவத்தைச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதியை வடித்தால் ஓட்டையின் மீதுள்ள அழுத்தம் குறைகிறது. அளவுக்கு மேல் வடித்தால் கடும் தலைவலி வரும். மண்டைக்குள் காற்றும் புகலாம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். மண்டையோட்டைத் திறந்து கசிவை அடைக்கும் முறையை 1926-இல் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி தொடங்கிவைத்தார். இதில் மூளையின் முன்மடலைத் தூக்கிப் பிடித்துத்தான் ஓட்டையை எட்ட முடியும். மூக்கின் கூரையாக உள்ள சல்லடை எலும்பின் வழியே இறங்கும் மணநரம்புகள் அப்போது அறுபடலாம். இரு பக்கமும் போனால் மோப்ப உணர்வு திரும்புவதில்லை. மூக்கு வழி முறையில் மூளையைத் தொட வேண்டியதே இல்லை. 1981-இல் ஜெர்மனியின் விகாண்ட் எண்டோஸ்கோப்பால் இப்படி அடைத்ததை வெளியிட்ட பிறகு இந்த முறை பரவியது.

எண்டோஸ்கோப் முறையில் முதல் முயற்சியிலேயே சுமார் 90 விழுக்காட்டினருக்குக் கசிவு நிற்கிறது. திறந்த அறுவையில் 60 முதல் 80 விழுக்காடு என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இந்த எண்களை அப்படியே எதிரெதிரே நிறுத்துவது சரியன்று. எலும்பு நொறுங்கியவர்களும் மூளைக்குள் இரத்தம் கட்டியவர்களும் திறந்த அறுவைக்கே போகிறார்கள். எளிய ஓட்டைகள் மூக்கு வழிக்கு வந்து சேர்கின்றன. இதைக் கழித்துப் பார்த்தாலும், சல்லடை எலும்பிலோ, மூக்கின் பின்கோடியில் உள்ள காற்றறையான ஸ்பீனாய்டு சைனஸிலோ உள்ள சிறு ஓட்டைக்கு மண்டையைத் திறக்க இன்று காரணம் ஏதும் இல்லை என்பதே என் கருத்து.

மூக்கு வழியிலும் எதை வைத்து அடைப்பது என்ற தேர்வு உண்டு. தொடையிலிருந்தோ நெற்றிப்பொட்டுத் தசையின் மேலிருந்தோ எடுத்த சவ்வு, கொழுப்பு, மூக்கின் சளிச்சவ்வு என எதுவும் சிறு ஓட்டைக்குப் போதும். மூளை உறைக்கு உள்ளே செருகுவதா, வெளியே ஒட்டுவதா என்று மருத்துவர்கள் விடாமல் வாதிடுவார்கள். தேர்ந்த கையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே பலனைத் தருகின்றன. ஓட்டை பெரிதானால் கதை வேறு. மூக்கின் நடுச்சுவரிலிருந்து இரத்தக்குழாயோடு சேர்த்து உரித்துத் திருப்பிப் போடும் சவ்வுமடிப்பை அர்ஜென்டினாவின் ஹதாத், பஸகஸ்தெகி ஆகியோர் அறிமுகப்படுத்தினார்கள். 2006-இல் அது ஆய்விதழில் வெளியானது. இரத்த ஓட்டம் அறாததால் விரைவில் பிடித்துக்கொள்கிறது. உரித்த இடத்தில் வாரக்கணக்கில் பொருக்குத் தட்டுவது அதற்கான விலை. சிறு கசிவுக்கும் இதையே செய்வது மிகை.

எண்டோஸ்கோப் தடுமாறும் இடம் நெற்றி சைனஸ். அதன் பின்சுவரில் மேலேயோ பக்கவாட்டிலோ ஓட்டை இருந்தால், மூக்கின் வழியே போகும் கருவி எட்டாது. அங்கே புருவப் பக்கமோ நெற்றிப் பக்கமோ வெளியிலிருந்து திறக்கத்தான் வேண்டியிருக்கும்.

தானாக வந்த கசிவில் எந்த முறையும் தனியாகப் போதாது. இது பெரும்பாலும் உடல் பருமனுள்ள நடுவயதுப் பெண்களிடம் காணப்படுகிறது. மண்டைக்குள் அழுத்தம் கூடி, மெலிந்த எலும்பு துளைபட்டிருக்கும். கசிவே அந்த அழுத்தத்துக்கு வடிகாலாக இருந்ததால், ஓட்டையை அடைத்ததும் அழுத்தம் ஏறலாம். திரவச் சுரப்பைக் குறைக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை, எடைக் குறைப்பு, தேவைப்பட்டால் திரவத்தைத் திசைதிருப்பும் ஷன்ட் குழாய் என்று அதைக் கவனிக்காவிட்டால் இன்னோர் இடத்தில் பிய்த்துக்கொள்ளும். இவர்களில் பலருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறும் இருக்கும். அதற்காக இரவில் போடும் காற்றழுத்த முகமூடி, புதிதாக வைத்து அடைத்த சவ்வைக் கிளப்பிவிடக்கூடும். எனவே அறுவைக்குப் பிறகு அதை எப்போது மறுபடி தொடங்கலாம் என்பதை அறுவைக்கு முன்பே கேட்டுவைப்பது நல்லது.