குதிரைக் குட்டிக்கு 'நிமோனியா தடுப்பூசி' என்று சொல்லி வருகிறவரை நம்பாதீர்கள்

ராயக்கோட்டை, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். மாரண்டஅள்ளி, பாலக்கோடு வரைக்கும் அந்த ஆள் போய் வருவதாகக் கேள்விப்படுகிறேன், அதனால் தர்மபுரிக்காரர்களும் படியுங்கள்.

பைக்கில் வருவார். பின்சீட்டில் ஐஸ் பெட்டி கட்டியிருக்கும். பெங்களூரில் ரேஸ் குதிரைப் பண்ணையில் டாக்டராக இருந்ததாகச் சொல்வார். "குட்டிக்கு நிமோனியா வந்தா பிழைக்காது சார், வராம இருக்க ஃபாரின் தடுப்பூசி இருக்கு. ரெண்டு டோஸ். ஒரு டோஸ் 4,500 ரூபாய்" என்பார். அவர் டாக்டர் இல்லை. அவர் போடுவது தடுப்பூசியும் இல்லை. எங்கள் வீட்டுக் குட்டி செத்துப்போய்விட்டது. அவர் பெயரை இங்கே போடவில்லை. போலீஸிலும் கால்நடை பராமரிப்புத் துறையிலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம், பெயர் அங்கே இருக்கிறது.

எங்களிடம் இருப்பது ஒரு கத்தியவாரி பெண் குதிரை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கியது. வாங்கும்போதே சினை. மாசியில் குட்டி போட்டது. பெட்டைக் குட்டி, தாயைப் போலவே காது இரண்டும் நுனியில் வளைந்து ஒன்றையொன்று தொடும். பிறந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று சீம்பால் குடித்தது. எங்கள் லாயத்தைப் பார்த்துக்கொள்கிற பெரியவர், மாமா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், விடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து அது மடியைத் தேடிப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விஷயத்தில் ஒரு குறையும் இல்லை.

குட்டி பிறந்த சேதி எப்படித்தான் அந்த ஊசிக்காரர் காதுக்குப் போனதோ, அந்த வாரமே வந்து நின்றார். ஏற்கெனவே இரண்டு மூன்று இடங்களில் ஊசி போட்ட படங்களைச் செல்போனில் காட்டினார். ஒரு அட்டையில் தேதி எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். பில் கேட்டதற்கு "இது இம்போர்ட் மருந்து சார், பில் போட்டா டூட்டி கட்டணும்" என்றார். குப்பியில் வெள்ளைப் பொடி. தண்ணீர் கலந்து, குலுக்கி, கழுத்தில் போட்டார். இரண்டாவது டோஸும் சொன்ன தேதியில் தவறாமல் வந்து போட்டுவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்.

சித்திரை வெயில் ஏறியபோது குட்டிக்கு மூச்சு மாற ஆரம்பித்தது. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இதைத்தான் கவனிக்காமல் விடுவோம். குட்டி படுத்துவிடவில்லை. பால் குடித்தது, தாய் பின்னாலேயே நடந்தது. ஆனால் நிழலில் சும்மா நிற்கும்போதும் மூக்குத் துளை இரண்டும் விரிந்து விரிந்து சுருங்கியது. பக்கவாட்டில் நின்று பார்த்தால், மூச்சு வெளியே போகும்போது கடைசி விலா எலும்பை ஒட்டி வயிறு ஒரு கோடாக இழுத்துக்கொள்ளும். இருமல் எப்போதாவதுதான். மூக்கில் சளியே இல்லை. மாமாதான் முதலில் கவனித்து, "வெயிலுக்கு இப்படி இரைக்காது" என்றார்.

எங்கள் பகுதி அரசு கால்நடை டாக்டர் அந்த வாரம் ஊரில் இல்லை. 'தடுப்பூசி' போட்டவருக்கே போன் போட்டோம். உடனே வந்தார். "தடுப்பூசி போட்ட குட்டிக்கு நிமோனியா வராது, இது வெறும் சூட்டுச் சளி" என்று அடித்துச் சொன்னார். இரண்டு ஊசி போட்டார். ஒன்று டெக்ஸாமெத்தசோன், இன்னொன்று ஜென்டாமைசின் என்பது குப்பிகளை வைத்துப் பிற்பாடு தெரிந்தது. மறுநாளே காய்ச்சல் இறங்கிவிட்டது. குட்டி துள்ளிக்கூட ஓடியது. கைராசிக்காரர் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். ஊசி தீர்ந்த சில நாளில் காய்ச்சல் திரும்ப வந்தது, மறுபடி அதே ஊசி. இப்படியே போய், ஒரு நாள் காலையில் முழங்கால் மூட்டு இரண்டும் வீங்கி, நாக்கும் ஈறும் நீலம் பாய்ந்து நின்றது. அன்றைக்கு அவர் போனை எடுக்கவில்லை. கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அடித்து வண்டி வந்து சேர்ந்தபோது குட்டியால் தலையைத் தூக்க முடியவில்லை. அவர்கள் முடிந்ததைச் செய்தார்கள். இரவு போய்விட்டது.

ஊர் திரும்பிய அரசு டாக்டர் பிரேதப் பரிசோதனை செய்தார். கூடவே நின்று பார்த்தேன். நுரையீரல் இரண்டிலும், முக்கியமாகக் கீழ்ப்பாதியில், சீழ்க்கட்டிகள். சிறு நெல்லிக்காய் அளவில் ஆரம்பித்து அதற்கு மேலும். அறுத்தால் கெட்டியான வெள்ளைச் சீழ். "இது ஒரு வாரத்தில் வந்தது இல்லை, பல வாரமாக வளர்ந்தது" என்றார். சீழை எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். ரோடோகாக்கஸ் ஈக்வி என்று வந்தது.

இந்தக் கிருமியைப் பற்றி டாக்டர் சொன்னதும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததும் இது. 1923-லேயே ஸ்வீடனில் குதிரைக் குட்டிகளின் நுரையீரலில் இருந்து பிரித்தெடுத்த கிருமி. மண்ணில் வாழும். குதிரைச் சாணத்தில், சூடான காலத்தில், நன்றாகப் பெருகும். காய்ந்து புழுதியாகப் பறக்கும்போது குட்டி அதை மூச்சில் இழுக்கிறது. பெரிய குதிரைகளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. மூன்று வாரம் முதல் ஐந்தாறு மாதம் வரை உள்ள குட்டிகள்தான் மாட்டிக்கொள்கின்றன. பிறந்த முதல் நாட்களிலேயே உள்ளே போய்விட்டு, வாரக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். நுரையீரலில் கிருமியை விழுங்கிக் கொல்லுவதற்கென்றே இருக்கிற வெள்ளை அணுக்கள் இதையும் விழுங்கும், ஆனால் கொல்ல முடியாது. அணுவுக்கு உள்ளேயே இருந்து பெருகி, அங்கேயே சீழ்க்கட்டி கட்டும். நுரையீரலில் பெரும்பகுதி போகும் வரைக்கும் குட்டி சமாளித்துக்கொண்டு ஓடியாடும். நமக்கு வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

இப்போது அந்த இரண்டு ஊசிகளைப் பாருங்கள். ஜென்டாமைசின் ஆய்வகத் தட்டில் இந்தக் கிருமியைக் கொல்லும். குட்டியின் உடம்பில், அணுவுக்குள்ளும் சீழுக்குள்ளும் அது சரியாகப் போய்ச் சேராது. டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு. காய்ச்சலை இறக்கும், பசியைத் தூண்டும், பார்க்கிறவருக்குக் குணமான மாதிரி தெரியும். ஆனால் எதிர்ப்புச் சக்தியை அமுக்கிவிடும். ஏற்கெனவே கிருமியோடு போராட முடியாத குட்டிக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தெம்பையும் பறித்து, நமக்கு மட்டும் நிம்மதியைக் கொடுத்துவிட்டுப் போனார் அந்த ஆள். எனக்கு ஆறாதது இதுதான். பணத்தை ஏமாற்றியிருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். நேரத்தைத் திருடிவிட்டார். முதல் நாளே "எனக்குத் தெரியாது, வேறு டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே வண்டி பிடித்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போயிருப்போம்.

தடுப்பூசி விஷயத்துக்கு வருகிறேன். இந்த நிமோனியாவைத் தடுக்கும் என்று நிரூபித்த, டாக்டர்கள் நம்பிப் போடுகிற தடுப்பூசி இன்றைக்கு வரைக்கும் இல்லை. கிருமியைக் கண்டுபிடித்து நூறு வருஷம் தாண்டியும் முயற்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. சில வெளிநாட்டுப் பண்ணைகளில், எதிர்ப்புச் சக்தி நிறைந்த குதிரை ரத்தத்தின் பிளாஸ்மாவைப் பிறந்த ஓரிரு நாளில் குட்டிக்கு ஏற்றுவார்கள். அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. கழுத்தில் குத்துகிற பொடி மருந்தும் இல்லை. அவர் விட்டுச் சென்ற 'தடுப்பூசி'க் குப்பியில் ஒன்றை மாமா பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். லேபிளை அந்த ஆள் முன்னாலேயே சுரண்டி எடுத்திருக்கிறார். ஒட்டுப் பசையோடு ஒரு ஓரம் மட்டும் மிச்சம். அதில் மருந்தின் பெயரில் கடைசியாக வரும் 'மைசின்' மட்டும் தெரிகிறது. டாக்டர் பார்த்துவிட்டு, "மைசின் என்று முடிந்தால் ஆன்டிபயாடிக், இதில் தடுப்பூசிக்கு வேலையே இல்லை" என்றார். ஐஸ் பெட்டிக்குள் ஐஸும் இருந்ததில்லை என்று மாமா இப்போது சொல்கிறார். அந்தப் பெட்டியைத் தூக்கி இறக்கி வைத்தவர் மாமாதான்.

எங்கள் கதை தெரிந்து, கெலமங்கலம் பக்கத்தில் ஒரு அக்கா போன் செய்தார். அவர்கள் குட்டிக்கும் இதே ஆள், இதே 'தடுப்பூசி'. குட்டிக்கு இரண்டு மாதம், லேசாக மூச்சு வாங்குகிறது என்றார். அன்று இரவே வண்டி பேசி, தாயையும் குட்டியையும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம். அங்கே நெஞ்சில் ஸ்கேன் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மூச்சுக்குழாயைக் கழுவிய நீரை எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். அதே கிருமிதான். அசித்ரோமைசினும் ரிஃபாம்பிசினும் சேர்த்துக் கொடுத்தார்கள். ரிஃபாம்பிசின் என்பது நம் மனிதர்களுக்கு டிபிக்குத் தருகிற மாத்திரைதான். இரண்டும் சேர்ந்து, வாரக்கணக்கில். காய்ச்சல் விட்டதும் நிறுத்தவில்லை, ஸ்கேனில் கட்டி கரைந்ததைப் பார்த்துத்தான் நிறுத்தினார்கள். நடுவில் ஒரு நாள் குட்டி செம்மஞ்சளாகச் சிறுநீர் கழித்ததைப் பார்த்து அக்கா ரத்தம் என்று பதறிப்போனார். அது ரிஃபாம்பிசினின் நிறம், பயப்பட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் குட்டி இன்றைக்கு ஓடுகிறது.

டோஸ் எதையும் இங்கே எழுத மாட்டேன், யாரும் மெடிக்கலில் வாங்கித் தானாகக் கொடுத்துவிடாதீர்கள். இந்த மருந்து குட்டிக்கே வயிற்றுப்போக்கை உண்டாக்கலாம். அசித்ரோமைசின் வகையைச் சேர்ந்த எரித்ரோமைசின் கொடுத்தால் சில குட்டிகளுக்கு வியர்வை நின்று, வெயிலில் உடம்பு கொதித்துப்போகும். அதனால் நிழலிலேயே கட்ட வேண்டும். அதைவிட முக்கியம் தாய்க் குதிரை. குட்டியின் வாயில் ஒட்டியிருக்கும் மருந்தைத் தாய் நக்கிவிட்டால் அதற்குக் குடல் அழற்சி வந்து உயிரே போகலாம். மருந்து கொடுத்ததும் குட்டியின் வாயைத் துடைத்துவிடச் சொல்லி நாமக்கல்லில் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்கள்.

சரி, நம்மால் முடிந்தது என்ன? ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். குட்டிக்கு விடிகாலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால் பாருங்கள். 102 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போனால் அன்றைக்கே டாக்டர். ஒரு மாதம் தாண்டிய குட்டி சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 40-க்கு மேல் மூச்சு விட்டாலும் அப்படியே. லாயத்திலும் குட்டி நிற்கிற இடத்திலும் சாணத்தைத் தினமும் அள்ளுங்கள், புழுதி கிளம்பினால் தண்ணீர் தெளியுங்கள். பல குட்டிகளை ஒரே பட்டியில் நெருக்கி அடைக்காதீர்கள். சீம்பால் முதல் சில மணி நேரத்திலேயே உள்ளே போக வேண்டும். குட்டி பிறக்கும்போது அதன் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, ஒரு நாள் கழிந்தால் சீம்பாலில் இருக்கும் எதிர்ப்புச் சக்தியைக் குடல் உறிஞ்சாது. ஆனால் சீம்பால் குடித்த குட்டிக்கும் இந்த நோய் வரும், எங்கள் குட்டியே சாட்சி. எல்லா நிமோனியாவும் இந்தக் கிருமியால் வருவதும் இல்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையால் வந்தால் பெனிசிலினுக்கே கேட்கும். எது என்று சோதித்துச் சொல்லத்தான் டாக்டர் வேண்டும்.

டாக்டர் என்று யார் வந்தாலும் பதிவு எண் கேளுங்கள். கால்நடை மருத்துவப் பட்டம் பெற்று கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் வைத்தியம் பார்க்கலாம், 1984-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. உண்மையான டாக்டர் எண்ணைச் சொல்லக் கோபப்பட மாட்டார். நாங்கள் கேட்டபோது இவர் "என்ன சார், நம்பிக்கை இல்லையா?" என்று பேச்சை மாற்றினார். ஊசி போடும் முன் குப்பியைக் கையில் வாங்கிப் பெயரையும் காலாவதித் தேதியையும் படியுங்கள், படம் எடுங்கள். லேபிள் இல்லாத குப்பி என்றால் குட்டியைத் தொடவே விடாதீர்கள்.

இந்த ஆள் ஏற்கெனவே உங்கள் குட்டிக்கு ஊசி போட்டிருந்தால், தடுப்பூசி போட்டாச்சு என்று நிம்மதியாக இருக்காதீர்கள், இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அவர் கொடுத்த அட்டை, காலிக் குப்பி, பணம் அனுப்பிய ரசீது எது இருந்தாலும் தூக்கிப் போடாமல் படம் எடுத்து எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். இப்போது புகாரில் இருப்பது நாங்களும் அந்த அக்காவும் மட்டும்தான். இன்னும் நாலு பேர் கையெழுத்துப் போட்டால் துறை அலுவலகத்தில் மனுவோடு சேர்த்துக் கொடுத்துவிடுவேன். கிருஷ்ணகிரிக்கு நேரில் வர முடியாதவர்கள் சொன்னால் நானே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.